தோளில் இருந்த பை

ஜனவரி 14, 2024 – போகி

ஊரெல்லாம் பழையதை எரித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் அவசர சிகிச்சைப் பிரிவில் நெளிந்துகொண்டிருந்தேன். ராத்திரி பதினோரு மணியிலிருந்து சிறுநீர் ஒரு சொட்டுகூட வரவில்லை. அடிவயிறு கல் மாதிரி. ட்யூப் போட்டதும் பையில் 850 மில்லி இறங்கியது. போட்ட பையனுக்கு என் பேரன் வயதுதான் இருக்கும், கும்பிடலாம் போலிருந்தது.

“என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?” என்றார் டாக்டர். மார்கழிப் பனியில் மூக்கடைப்பு, மருந்துக் கடையில் சளி மாத்திரை வாங்கிப் போட்டேன் என்றேன். மூக்கைத் திறக்கிற அந்த மருந்தே கீழே வாசலை இறுக்கிவிடுமாம். சிறுநீர்ப் பைக்குக் கீழே இருக்கிற ப்ராஸ்டேட் சுரப்பி வீங்கியவர்கள் கேட்காமல் போடக்கூடாதாம். இரண்டு வருஷமாக அந்த வீக்கத்துக்கு டாம்சுலோசின் மாத்திரை சாப்பிடுகிறேன், இதை இன்றுதான் கேள்விப்படுகிறேன்.

ஜனவரி 18

ட்யூபை எடுத்துப் பார்த்தார்கள். வரவில்லை. மறுபடி போட்டார்கள். ஸ்கேனில் சுரப்பி 62 கிராம். சாதாரணமாக 20, 25 கிராம்தான் இருக்குமாம். இனி மாத்திரையை நம்பிப் பயனில்லை, ஆபரேஷன்தான்.

ப்ராஸ்டேட்டில் புற்று இருக்குமோ என்று பார்க்கிற பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை எடுக்கலையா என்று மகன் கேட்டான். இப்போது எடுத்தால் ட்யூப் உறுத்தலிலேயே எண் ஏறிக் காட்டுமாம். ஆறு மாதத்துக்கு முன் எடுத்த ரிப்போர்ட் போதும் என்றுவிட்டார் டாக்டர்.

ஜனவரி 22

அட்மிஷன். டாக்டர் என்னை மட்டும் உட்காரவைத்துப் பேசினார். கத்தி வைத்து வயிற்றைக் கிழிப்பதில்லை, சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியை விட்டுச் சுரண்டி எடுப்பார்களாம். “நுங்கை நோண்டித் தின்னுட்டு ஓட்டை விடுவோமில்ல, அந்த மாதிரிங்க ஐயா. ஓடு உள்ளேயே இருக்கும்.” அப்புறம் குரலைத் தாழ்த்தி, இதற்குப் பிறகு உறவின்போது விந்து வெளியே வராமல் பின்னால் சிறுநீர்ப் பைக்குள் போய்விடும், அதனால் உடம்புக்குக் கெடுதல் இல்லை என்றார். அறுபத்து மூன்று வயதில் இதைக் கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் அவர் முன்கூட்டியே சொன்னது நல்லது. அடுத்த கட்டில்காரருக்கு யாரும் சொல்லவில்லையாம். நான்தான் சொன்னேன். மனிதர் முகம் விழுந்துவிட்டது.

ஜனவரி 23

முதுகில் ஊசி. ஐந்து நிமிஷத்தில் இடுப்புக்குக் கீழே கால் இரண்டும் யாருடையதோ. டிவியில் ரத்தச் சிவப்பாக ஏதோ ஓடியது, நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. முடிந்ததும் குளிர் தூக்கிப் போட்டது. உள்ளே விட்டுக் கழுவுகிற தண்ணீரால் அப்படி ஆகுமாம். மூன்று போர்வை போர்த்தினார்கள். சுரண்டிய துணுக்குகளைப் பயாப்ஸிக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

ஜனவரி 24

மேலே மூன்று லிட்டர் உப்புத் தண்ணீர்ப் பை, கீழே வெளியேறும் பை. நாள் முழுக்க உள்ளே போய், வெளியே வந்துகொண்டே இருக்கிறது. காலையில் மாதுளைச் சாறு நிறம், மத்தியானம் ரோஸ்மில்க், ராத்திரி பன்னீர் சோடா. நர்ஸம்மா வரும்போதெல்லாம் பையைத்தான் முதலில் பார்க்கிறார், என் முகத்தை அப்புறம்.

வலி பெரிதில்லை. கொடுமை என்னவென்றால், ட்யூப் இருக்கும்போதே ‘இப்பப் போயே ஆகணும்’ என்று முட்டிக்கொண்டு வருவதுதான். முக்காதீங்க, மூச்சை இழுத்து விடுங்க என்கிறார்கள். ஒரு தடவை ரத்தக்கட்டி அடைத்து, சிரிஞ்சால் தண்ணீர் அடித்து எடுத்தார்கள். அதை எழுத விரும்பவில்லை.

சாயங்காலம் நடக்கச் சொன்னார்கள். பையைக் கையில் பிடித்தபடி வராந்தாவில் நடந்தேன். முப்பத்தொரு வருஷம் கண்டக்டர் வேலை, தோளில் எப்போதும் தோல் பை. “என்னங்க, மறுபடி டூட்டியா?” என்றாள் மனைவி. சிரித்தால் அடிவயிறு பிடிக்கிறது.

ராத்திரி தூக்கம் வரவில்லை. பஸ்ஸில் எத்தனை பெரியவர்கள் என்னிடம் வந்து, “தம்பி, ஓரமா ரெண்டு நிமிஷம் நிறுத்தச் சொல்லேன்” என்று கெஞ்சியிருப்பார்கள். “ஸ்டாண்டுல போகாம என்ன பண்ணீங்க? அடக்கிக்குங்க பெரியவரே” என்றுதான் பெரும்பாலும் சொல்லியிருக்கிறேன். அவர்கள் ஸ்டாண்டிலும் போயிருப்பார்கள். முழுசாக வந்திருக்காது, அவ்வளவுதான்.

ஜனவரி 26

ட்யூப் எடுத்தாயிற்று. அளவு ஜாடியைக் கொடுத்துப் பாத்ரூமுக்கு அனுப்பினார்கள். மிளகாய் பட்ட எரிச்சல். ஆனால் வந்தது, நிற்காமல் வந்தது. கதவுக்கு வெளியே மனைவி, “ஆச்சாங்க?” என்றாள். 180 மில்லி. அவள் மகனுக்குப் போன் போட்டு அந்த எண்ணைச் சொன்னதை வார்டே கேட்டது.

பிப்ரவரி 2

பயாப்ஸி வந்தது. புற்று இல்லை. ஓடு மிச்சமிருப்பதால் பி.எஸ்.ஏ.வை விட்டுவிடக் கூடாதாம், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். சரி.

வீட்டில் பப்பாளி, கீரை, இசப்கோல். மலச்சிக்கல் வந்து முக்கினால் உள்ளே புண் கசியும். இருமினால் இரண்டு சொட்டு உள்ளாடையில் விழுகிறது. துணி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். குறைந்துவிடும் என்கிறார்கள்.

பிப்ரவரி 6

புத்தி கெட்டுப்போய் பத்துக் கிலோ அரிசிப் பையை வாசலிலிருந்து தூக்கி வந்தேன். மத்தியானம் கழிப்பறையில் சிவப்பு. கை நடுங்கியது. போன் செய்தால், உள்ளே பொருக்கு உதிரும் நாள் இதுதான், தண்ணீர் நிறையக் குடியுங்க, கட்டி வந்தாலோ அடைத்தாலோ உடனே வாங்க என்றார்கள். ஒன்பது மணிக்குத் தெளிந்தது. மனைவி இன்னும் பேசவில்லை.

மார்ச் 10

மச்சினர் வீட்டு விசேஷத்துக்குத் திருச்சியிலிருந்து மதுரை. இரண்டு வருஷமாக இந்த வழியில் எனக்கு விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் எல்லாம் ஊர்கள் இல்லை, கழிப்பறைகள். இன்று ஏறியதும் தூங்கிவிட்டேன். துவரங்குறிச்சி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

மேலூர் தாண்டியதும் மனைவி தோளைத் தட்டினாள். “என்னங்க, எனக்கு அவசரமா வருது.” மாட்டுத்தாவணிக்கு இன்னும் அரை மணி நேரம். ‘அடக்கிக்கோ’ என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்டக்டரிடம் போனேன்.