கோடு இங்கே, கோளாறு எங்கே?

மொரீஷியஸில் எபேன் சைபர் சிட்டியில் வேலை என்றால் வாடிக்கையாளர் பெரும்பாலும் பாரிஸில்தான். அவர்களுடைய கோடையில் நமக்கு இரண்டு மணி நேரம் பின்னால் இருப்பார்கள், குளிர்காலத்தில் மூன்று. காலையில் யாரும் கூப்பிட மாட்டார்கள், நிம்மதியாகக் கோட் எழுதலாம். அந்த நிம்மதியைக் கொஞ்ச காலம் விஎஸ் கோட் என்ற எடிட்டர் கெடுத்தது.

நாங்கள் எழுதுவது டைப்ஸ்கிரிப்ட், அதாவது எந்த மதிப்பு என்ன வகை (டைப்) என்று சரிபார்க்கிற ஜாவாஸ்கிரிப்ட். டெஸ்டை ஓட்டுவது ஜெஸ்ட் என்ற கருவி. யாரும் தொடாத ஜெஸ்ட் டெஸ்ட் ஃபைல்களில், விடை சரியா என்று பார்க்கிற எக்ஸ்பெக்ட் வருகிற வரியெல்லாம் பிழை என்று சிவப்புக் கோடு. டெஸ்டை ஓட்டினால் எல்லாம் பாஸ். பில்டும் பச்சை. பக்கத்து இருக்கைத் தம்பி ரோஸ் ஹில்காரர், வீட்டில் கிரியோல், தமிழ் பள்ளியில் படித்தது. அதனால் புத்தகத் தமிழிலேயே பேசுவார். "அக்கா, நேற்று இது இல்லையே, நீங்கள் பாருங்கள்" என்று திரையைத் திருப்பினார். அவருடைய எடிட்டர் பிரெஞ்சில் இருப்பதால் பிழைச் செய்தியும் பிரெஞ்சு. அதைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. செய்தியின் கடைசியில் 2339 என்று ஓர் எண் இருக்கும், அதைத் தேட வேண்டும். எந்த மொழியில் வந்தாலும் எண் மாறாது. எக்ஸ்பெக்டுக்குப் பின்னால் ஜெஸ்டில் எழுதுகிற டூபி என்ற பண்பு 'அசெர்ஷன்' என்ற டைப்பில் இல்லை என்பதுதான் செய்தி.

குழுவில் எல்லோருக்கும் தெரிந்த கைவைத்தியம் டிஎஸ் சர்வரை, அதாவது எடிட்டருக்குப் பின்னால் டைப்பைச் சரிபார்க்கிற நிரலை, ரீஸ்டார்ட் செய்வது. செய்ததும் கோடுகள் மறையும். மறையாமல் என்ன செய்யும்? சர்வர் புராஜெக்டை மறுபடி ஏற்றி முடிக்கிற வரை டைப் பிழை எதையும் காட்டாது. ஏற்றி முடித்ததும் திரும்ப வரும். அதற்குள் நாம் ஃபைலை மூடிவிட்டுத் தால் பூரி வாங்கப் போயிருப்போம். பாதி நேரம் பலிப்பது போலத் தோன்றுகிற வைத்தியத்தைவிட அறவே பலிக்காத வைத்தியம் தேவலை. பொறுமை போனவர்கள் வரிக்கு மேலே, கீழே உள்ள பிழையைக் காட்டாதே என்கிற டிஎஸ் இக்னோர் குறிப்பைப் போட்டு வாயை அடைத்தார்கள்.

அந்த 'அசெர்ஷன்' ஜெஸ்டுடையதே அல்ல, சாய் என்ற வேறொரு டெஸ்ட் நூலகத்துடையது. பிரவுசரில் டெஸ்ட் ஓட்டுகிற சைப்ரஸ் என்ற கருவி சாயைத் தன்னோடு கொண்டு வந்து, எக்ஸ்பெக்ட் என்ற அதே பெயரைக் குளோபலாக, அதாவது எல்லா ஃபைலுக்கும் பொதுவாக, அறிவிக்கிறது. இரண்டும் ஒரே புராஜெக்டுக்குள் வந்தால், ஒரே பெயரில் இரண்டு ரேஷன் கார்டு மாதிரிதான். எந்தெந்த ஃபைல் புராஜெக்டில் சேரும் என்று சொல்வது டிஎஸ்கான்ஃபிக் என்ற அமைப்பு ஃபைல். எங்கள் ரூட் டிஎஸ்கான்ஃபிக்கில் இன்க்ளூட் என்ற பட்டியல் இல்லை, ஆகவே சைப்ரஸ் ஃபோல்டர் உட்பட எல்லாமே உள்ளே. பில்டோ டிஎஸ்கான்ஃபிக்.பில்ட்.ஜேசன் என்ற தனி ஃபைலில் ஓடியது. அதில் டெஸ்டும் இல்லை, சைப்ரஸும் இல்லை. ஜெஸ்டோ, டைப்பை உரித்துப்போட்டு வெறும் ஜாவாஸ்கிரிப்டாக்குகிற பேபல் வழியாக ஓடியதால் டைப்பையே பார்க்காது. எடிட்டர் மேல்நோக்கித் தேடுவது டிஎஸ்கான்ஃபிக்.ஜேசன் அல்லது ஜேஎஸ்கான்ஃபிக்.ஜேசன் என்ற பெயரை மட்டும்; பில்ட் ஃபைல் அதன் கண்ணிலேயே படாது. எடிட்டர் பொய் சொல்லவில்லை, அதனிடம் நாம் கொடுத்த புராஜெக்ட் வேறு.

சரி என்று சைப்ரஸை எக்ஸ்க்ளூடில் போட்டு, அதற்குத் தனி டிஎஸ்கான்ஃபிக் வைத்தோம். கோடு போகவில்லை! எக்ஸ்க்ளூட் என்பது இன்க்ளூட் பொறுக்கி எடுப்பதில் சிலதைக் கழிப்பது, அவ்வளவுதான். யாராவது இம்போர்ட் செய்தால் விலக்கிய ஃபைலும் பின்வாசல் வழியாக உள்ளே வரும். டைப்ஸ்கிரிப்ட் 4.2 முதல் எக்ஸ்பிளெயின்ஃபைல்ஸ் என்ற ஆப்ஷன் இருக்கிறது. ஒவ்வொரு ஃபைலும் எதனால் உள்ளே வந்தது என்று வரிசையாகச் சொல்லும். நீளமான பட்டியல். அதில் சைப்ரஸ் என்று தேடியதும் அகப்பட்டது: மாதிரிப் பயனர் விவரம் வைத்திருந்த ஒரு சின்ன ஃபைலை நம் டெஸ்ட் ஹெல்பர் இம்போர்ட் செய்திருந்தது. அந்தச் சின்ன ஃபைலின் முதல் வரியில் சைப்ரஸ் டைப்புக்கான ரெஃபரன்ஸ். விவரத்தைப் பொது ஃபோல்டருக்கு மாற்றினோம், கோடுகள் போயின.

மிச்சம் அந்த இக்னோர்கள். டைப்ஸ்கிரிப்ட் 3.9-இல் வந்த டிஎஸ் எக்ஸ்பெக்ட் எரர் என்ற குறிப்பு, கீழே பிழை இல்லாவிட்டால் தானே பிழையாகிவிடும். எல்லா இக்னோரையும் அதாக மாற்றி, டைப்ஸ்கிரிப்டின் கம்பைலரான டிஎஸ்சியை ஓட்டியதும், தேவையில்லாதவை தாமாகவே கையைத் தூக்கின. அழித்துக்கொண்டே போனோம். சத்தமில்லாமல் இருந்தது ஒன்றே ஒன்று, விலைப்பட்டியல் டெஸ்டில்: தேதி கேட்கிற இடத்தில் வெறும் ஸ்ட்ரிங் போய்க்கொண்டிருந்தது. பாரிஸ் விழித்ததும் அதைப் பற்றிக் கேட்க வேண்டியிருந்தது.