சோளகக் காற்றில் ஒரு தாயை அக்கரைக்கு அனுப்பியது

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலுக்குள் கிடக்கும் நெடுந்தீவில் மிட்வைஃபாக இருந்த காலத்தில் பிரசவத் திகதியைக் கடலையும் பார்த்துத்தான் எண்ணுவேன். 37 கிழமை ஆனதும் யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டில் போய் இருக்கச் சொல்லுவேன். சொல்வது சுலபம். ஆட்டையும் மாட்டையும் விட்டுவிட்டு ஆர் போகிறது?

ஆடி மாதம், தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் காலம். ஒருத்திக்கு மூன்றாவது பிள்ளை, 35 கிழமை. கிளினிக்குக்கு வரவில்லையென்று கல்வேலிகளுக்கிடையே சைக்கிளை உழக்கிக்கொண்டு போனேன். கால் இரண்டும் வீங்கியிருந்தன. பிறஷர் 150/100.

"கொஞ்சம் தலையிடிதான் மிஸ். நான் போனா மாட்டுக்குத் தண்ணி ஆர் அள்ளி வைக்கிறது?"

சலத்தை, அதாவது சிறுநீரைச் சோதிக்க ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தினால் சோளகம் உடனே அணைத்துவிடும். குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சலம் விட்ட கண்ணாடிக் குழாயின் மேற்பாதியைச் சூடாக்கினேன். வெள்ளையாகத் திரண்டது. அசற்றிக் அமிலம் இரண்டு சொட்டு விட்டும் கரையவில்லை. அப்படியென்றால் சலத்தோடு புரதம் போகிறது.

வலிப்பு வரலாம், பிள்ளைக்கும் ஆபத்து என்று எவ்வளவோ சொன்னேன். அவள் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் மாமியார் என் கையிலிருந்த குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"முட்டை வெள்ளைக்கரு அவிஞ்ச மாதிரியெல்லே கிடக்கு! மாட்டை நான் பாக்கிறன். நீ வெளிக்கிடு பிள்ளை."

நான் அரை மணித்தியாலம் கத்தியது வீண்.

தீவு ஆஸ்பத்திரியில் டொக்டர் குளிசை கொடுத்து, மாற்றுவதற்குக் கடிதமும் எழுதினார். பின்னேரப் படகு காற்றால் ஓடவில்லை. நேவிக்குச் சொல்லித்தான் படகு கிடைத்தது. தீவின் மாவலித்துறையிலிருந்து அக்கரைத் துறையான குறிகட்டுவான் வரை அவளை இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்து, தலையை என் மடியில் வைத்திருந்தேன். அலை அடித்து இருவருமே தெப்பமாக நனைந்துவிட்டோம். கர்ப்பிணிக் கார்ட்டைச் சொப்பிங் பையில் சுற்றி என் சட்டைக்குள் வைத்திருந்ததால் அது மட்டும் தப்பியது. அந்தக் கார்ட் நனைந்தால் அக்கரையில் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். துறையில் அம்புலன்ஸ் நின்றது. புங்குடுதீவு, வேலணை தாண்டி யாழ்ப்பாணம் போய்ச் சேர இருட்டிவிட்டது.

இரண்டு நாள் கழித்துச் சத்திரசிகிச்சையில் பெண்பிள்ளை. எடை 2.1 கிலோ. நான் அப்போது தீவில், தடுப்பூசிக் குளிர்ப்பெட்டியோடு கிளினிக்கில் இருந்தேன்.

அடுத்த மாதம் அந்த வீட்டுப் படலையைத் திறந்தபோது குழந்தையைக் காட்டுவதற்கு முன்பே மாமியார் கேட்டார்: "அந்தக் குழாய் கொண்டு வந்தனீங்களோ மிஸ்? பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் கால் வீங்கிக் கிடக்கு."