38 மதிப்பெண்ணும் ‘நியாயமான’ என்ற ஒரு சொல்லும்

அரசமைப்புச் சட்டத் தாளில் முதல் தடவை நான் வாங்கியது 38. தேர்ச்சிக்கு 40. இரண்டு மதிப்பெண்ணில் போனதுதான் அதிகம் எரிந்தது. அடுத்த ஆண்டு அதே தாளில் 67. இடையில் புதிதாக நான் ஒன்றும் பெரிதாகப் படித்துவிடவில்லை. பகலில் கோலாலம்பூர் மஸ்ஜிட் ஜாமெக் பக்கம் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிளார்க் வேலை, இரவில் வகுப்பு, பிறகு எல்ஆர்டி ரயில் பிடித்து செந்தூலுக்கு. இதில் எங்கே பெரிதாகப் படிப்பது? அதே ஓட்டத்தில் இருக்கும் தம்பி தங்கைகள் சிலர் “எப்படிக்கா எழுதுனீங்க?” என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

மலேசியாவின் கூட்டரசு அரசமைப்பின் மீது சொல்லப்படும் குறைகளை ஆராயச் சொல்லும் கேள்வி ஏதாவது ஒரு வேடத்தில் வந்துவிடும். அந்நியர் எழுதியது, எளிதில் திருத்தப்படுவது, உரிமையை ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பது, மலாய்க்காரர்களுக்கும் பூர்வகுடிகளுக்கும் ஒதுக்கீடு தரும் 153ஆவது விதி. சுற்றிச் சுற்றி இவைதான்.

முதல் தடவை 153ஐ எடுத்து நாலு பக்கம் எழுதினேன். கை வலிக்க வலிக்க எழுதினேன். தம்பிக்குக் கேட்ட படிப்பு கிடைக்காத கதை மனசில் இருந்தது. அது அப்படியே தாளில் இறங்கிவிட்டது. தேர்வு முடிவுக்குப் பிறகு விரிவுரையாளர் அதே பதிலை மறுபடி எழுதிக் காட்டச் சொன்னார். படித்துவிட்டுச் சொன்னார்: “இது பத்திரிகை ஆசிரியருக்கு எழுதுற கடிதம்மா. நாலு பக்கத்துல ஒரு உட்பிரிவு கூட இல்ல.” அன்றைக்குக் கோபம் வந்தது. ரயிலில் உட்கார்ந்து விதியை எடுத்து வாசித்தபோதுதான், அதை நான் முழுசாக ஒருமுறைகூட வாசித்ததில்லை என்று தெரிந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு குறைக்கும் ஓர் அட்டை போட்டேன். எந்த விதி, எந்த ஆண்டு அப்படி ஆனது, நீதிமன்றம் என்ன சொன்னது, பதில் சொன்ன பிறகும் மிச்சம் நிற்பது என்ன. இந்தக் கடைசி வரி முக்கியம். எல்லாக் குறைக்கும் பதில் இருக்கிறது என்று எழுதினால் அரசாங்கப் பிரசுரம் மாதிரி இருக்கும்.

முதல் அட்டைக்குப் பொருள் கொடுத்தது எங்கள் அப்பா. லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். “வெள்ளைக்காரன் எழுதிக் குடுத்ததுதான லா, இதுக்குப் போய் ராத்திரியெல்லாம் முழிக்கிற” என்பார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. அரசமைப்பை வரைந்த ரீட் ஆணையத்தில் ஐந்து பேர். பிரிட்டனின் ரீட் பிரபுவும் ஐவர் ஜென்னிங்ஸும், ஆஸ்திரேலியாவின் மெக்கெல், இந்தியாவின் நீதிபதி மாலிக், பாகிஸ்தானின் நீதிபதி அப்துல் ஹமீத். மலாயாக்காரர் ஒருவரும் இல்லை. மாலிக் என்றதும் அப்பா “நம்மாளா?” என்று கேட்டார். அலகாபாத்காரர் என்றேன். உதட்டைப் பிதுக்கினார்.

இதற்குப் பதில் எழுதும்போது பலர் “துங்குவே கேட்டுக்கொண்டார்” என்று ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். உள்ளூர்க்காரர் என்றால் பாரபட்சம் வரும் என்று, பிறகு முதல் பிரதமரான துங்கு அப்துல் ரஹ்மானின் கூட்டணிக் கட்சி வெளியாரைக் கேட்டது உண்மைதான். அதோடு, ஆணையம் 1956இல் 118 கூட்டங்கள் நடத்தி 131 மனுக்களைப் பெற்றதையும், 1957இல் வந்த அறிக்கை அப்படியே சட்டமாகவில்லை என்பதையும் சேர்க்க வேண்டும். மலாய் மாநில ஆட்சியாளர்களின் பிரதிநிதிகளும் கூட்டணியின் பிரதிநிதிகளும் பிரிட்டிஷ் அதிகாரிகளோடு உட்கார்ந்து வரைவை மாற்றினார்கள். பிறகுதான் கூட்டரசு சட்டமன்றத்துக்குப் போனது. மிச்சம் நிற்பது: இந்தியாவில் போல் இங்கே அரசமைப்பு நிர்ணய சபை என்று ஒன்று கூடவே இல்லை. 1955 தேர்தலில் மக்கள் தேர்ந்தெடுத்த இடங்கள் 52. அதில் 51 கூட்டணிக்கு. விவாதம் எவ்வளவு சூடாக இருந்திருக்கும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

கடன் வாங்கியது என்ற குற்றச்சாட்டு இந்தியாவுக்கும் உண்டு. அடிப்படைக் கருத்துகளுக்கு யாரும் காப்புரிமை வைத்திருக்கவில்லை என்று 1948 நவம்பர் 4ஆம் தேதி அம்பேத்கர் சபையிலேயே பதில் சொல்லிவிட்டார். ஒப்பீட்டுக்கு அந்த ஒரு வரி போதும். எனக்குப் பிடித்த வேடிக்கை வேறு. இந்திய அரசமைப்பு ரொம்ப நீளம், ரொம்ப இறுக்கம் என்று 1950களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவாற்றிய அதே ஜென்னிங்ஸ்தான் பிறகு நமக்கு வரைய வந்தார். நம்முடையதும் ஒன்றும் சுருக்கமில்லை. கடைசி விதியின் எண் 183, இடையிடையே செருகியவை தனி.

இனி ‘நியாயமான’ என்ற சொல்லுக்கு வருகிறேன். 67 வந்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். 10ஆவது விதி பேச்சு, கூட்டம், சங்கம் மூன்றுக்கும் சுதந்திரம் தருகிறது; உடனே இரண்டாம் உட்பிரிவில் நாடாளுமன்றம் ‘தேவை அல்லது உகந்தது என்று கருதும்’ கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்கிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பது என்பது இதைத்தான். ரீட் வரைவில் கட்டுப்பாடுகளுக்கு முன்னால் ‘நியாயமான’ என்ற சொல் இருந்தது. அது இருந்தால் எது நியாயம் என்று நீதிமன்றம் எடை போடும். அந்தச் சொல்லை எடுத்துவிட வேண்டும் என்று அப்துல் ஹமீத் மாற்றுக் குறிப்பு எழுதினார். இறுதி வாசகத்தில் அது இல்லை.

2010இல் சிவராசா ராசையா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் அந்தச் சொல் அங்கே இருப்பதாகவே வைத்து வாசிக்க வேண்டும் என்றது. நாடாளுமன்ற உறுப்பினர் வழக்கறிஞர் மன்றத்தில் பொறுப்பு வகிக்கக் கூடாது என்ற தடையை எதிர்த்த வழக்கு அது. சிவராசா தோற்றார், சொல் திரும்பி வந்தது. வழக்கின் பெயரை மட்டும் எழுதாமல், வழக்குப் போட்டவர் தோற்றதையும் எழுதுங்கள். தீர்ப்பை வாசித்தவர் யார், குறிப்பை மட்டும் மனப்பாடம் செய்தவர் யார் என்று திருத்துகிறவருக்கு அங்கே தெரிந்துவிடும்.

இப்போது 153. அதே சொல் அங்கே இருக்கிறது! ஒதுக்கீட்டின் அளவு பேரரசர் ‘நியாயமானது’ என்று கருதும் விகிதம். பென்சிலால் இரண்டையும் அடிக்கோடிட்ட இரவில் தூக்கம் வரவில்லை. நாம் வீட்டில் ‘சலுகை’, ‘சிறப்புரிமை’ என்று பேசுகிறோம். விதியில் இருப்பது ‘சிறப்பு நிலை’. மலாய்க்காரர்கள், சபா சரவாக் பூர்வகுடிகள் ஆகியோரின் அந்த நிலையையும், மற்ற சமூகங்களின் முறையான நலன்களையும் காப்பது பேரரசரின் பொறுப்பு என்று இரண்டும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. ஒதுக்கீடு எங்கெங்கே என்றும் எழுதியிருக்கிறது: அரசாங்க வேலை, கல்வி உதவியும் கல்வி வாய்ப்பும், உரிமமும் அனுமதியும். ஒன்பதாம் உட்பிரிவை யாரும் வாசிப்பதில்லை. ஒதுக்கீட்டுக்காக மட்டும் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் இந்த விதியால் நாடாளுமன்றத்துக்கு வராது என்கிறது அது.

ஆகவே வாசகம் வேறு, அதன் மேல் வளர்ந்த கொள்கை வேறு. மலாய்க்காரர், பூர்வகுடிகளின் பொருளாதாரப் பங்கை உயர்த்த 1971இல் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கை அரசமைப்பில் எந்த விதியிலும் இல்லை. பதிலின் பாதி இங்கேயே நிற்கும். மிச்சம் நிற்பதும் கனமானது: 15 ஆண்டுக்குப் பிறகு மறுஆய்வு என்று ரீட் ஆணையம் சொன்னது, இறுதியில் அது கழன்றுபோனது, 1971 திருத்தமோ இந்த விதியைக் கேள்வி கேட்பதையே சட்டத்தால் தடை செய்ய வழி விட்டது. என் தம்பி கதையை இரண்டாம் தடவை எழுதவில்லை. கோபம் போய்விடவில்லை, உட்பிரிவு எண்களுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

எளிதில் திருத்தப்படுகிறது என்ற குறைக்கு ஒரு பத்தி போதும். பெரும்பாலான திருத்தங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அது கடினமான வாசல்தான். பெரும்பாலான காலம் ஆளுங்கட்சியே அந்த எண்ணிக்கையை வைத்திருந்ததால் திறந்தே கிடந்தது. 2008 தேர்தலில் அது போனது. 2019இல் வாக்களிக்கும் வயதை 18 ஆக்க எதிர்க்கட்சியின் கையும் வேண்டியிருந்தது; மக்களவையில் வாக்களித்த 211 பேரும் ஆதரித்தார்கள். 1988இல் 121ஆவது விதியில் நீதித்துறை அதிகாரத்தைக் குறைத்ததை எழுதினால், அந்த அதிகாரத்தை நீதிமன்றம் மீட்டுக்கொண்ட 2017 செமினி ஜெயா வழக்கையும் 2018 இந்திரா காந்தி (இந்தியப் பிரதமர் அல்ல, இங்குள்ள ஒரு தாய்) வழக்கையும் கூடவே எழுதுங்கள். அவசரகால அதிகாரம் பற்றிய 150ஐ நான் தொடவில்லை. 1969 பிரகடனத்தை 2011இல்தான் ரத்து செய்தார்கள் என்ற ஒரு வரியோடு நகர்ந்துவிட்டேன். நேரம் அவ்வளவுதான், ஒரு கேள்விக்கு 45 நிமிடம், அதில் ஐந்து நிமிடம் யோசிக்க.

முடிவு வந்த அன்று அப்பாவுக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் சொன்னதற்கு எப்படிப் பதில் எழுதினேன், ‘நியாயமான’ எப்படிக் காணாமல் போனது என்று ரசத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார். கடைசியில் ஒரு கேள்வி:

“அந்த வார்த்தைய எடுக்கச் சொன்னது யாரு?”

“பாகிஸ்தான் நீதிபதி.”

“நான்தான் அப்பவே சொன்னேனே லா, வெளிநாட்டுக்காரன்னு.”