ஈஸ்ட் ரைபோசோம்: டர்பன் ஆனர்ஸ் மாணவர்கள் எங்கிருந்து தொடங்கலாம்

செல்லில் புரதங்களைக் கட்டும் பொறிதான் ரைபோசோம். ஈஸ்ட் ரைபோசோமில் உள்ள 79 புரதங்களையும் மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். 5எஸ் என்ற சிறு ஆர்.என்.ஏ.வும் அதைப் பற்றியிருக்கும் இரண்டு புரதங்களும் சேர்ந்த சிறு தொகுதியை முதலில் எடுங்கள். ரைபோசோமின் இரண்டு அலகுகளில் பெரியதான 60எஸ்ஸில் எதைப் படிக்கவும் இது நல்ல வாசல்.

பலர் தடுக்கி விழுவது பெயர்களில். அந்த இரண்டு புரதங்களின் பழைய ஈஸ்ட் பெயர்கள் எல்5, எல்11. 2014இல் வந்த பொதுப் பெயரிடலில் எல்5 என்பது யுஎல்18 ஆயிற்று. எல்11 யுஎல்5 ஆயிற்று. யுஎல்11 என்று புதிதாக வருவதோ பழைய எல்12! 2014க்கு முந்தைய கட்டுரையிலிருந்து குறிப்பெடுத்தால் பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் அப்போதே எழுதிவிடுங்கள். பிறகு பிரிக்க முடியாது.

அடுத்து, மூலக்கூறு அமைப்புகளின் தரவுத்தளமான பிடிபியில் உள்ள 4வி88 என்ற கோப்பு. ஸ்ட்ராஸ்பூர்க் குழு 2011இல் 3.0 ஆங்ஸ்ட்ராம் தெளிவில் தந்த ஈஸ்ட் ரைபோசோமின் படிக அமைப்பு இது. இதில் இரண்டு ரைபோசோம்கள் உள்ளன. தெரியாமல் எண்ணினால் புரதக் கணக்கு இரட்டிப்பாகும். ஒன்றை மறைத்துவிட்டு வேலை செய்யுங்கள். எஸ்டிஎம்1 என்று ஒன்றும் கண்ணில் படும். அது ரைபோசோம் புரதம் அல்ல. பட்டினி கிடந்த ஈஸ்ட்டில் செய்தி சுமக்கும் எம்.ஆர்.என்.ஏ. செல்லும் வழியை அடைத்து நிற்பது. மூலக்கூறுகளைத் திரையில் காட்டும் சிமெராஎக்ஸ் மென்பொருளில் 5எஸ்ஸைத் தேர்ந்து, 4 ஆங்ஸ்ட்ராமுக்குள் எவை வருகின்றன என்று பாருங்கள். பி0, பி1, பி2 என்ற புரதங்கள் சேர்ந்த தண்டு ஆடிக்கொண்டே இருப்பதால் அங்கே படம் மங்கும். அதை உங்கள் பிழை என்று நினைக்க வேண்டாம்.

ஆய்வகத்தில் மக்னீசியத்தைக் கவனியுங்கள். 10 மில்லிமோலார் அளவில் 80எஸ், அதாவது முழு ரைபோசோம், சேர்ந்திருக்கும். 1 மில்லிமோலாருக்கு இறக்கி, பொட்டாசியம் குளோரைடை 500 மில்லிமோலாருக்கு ஏற்றினால் சிறிய அலகு 40எஸ், பெரிய அலகு 60எஸ் எனப் பிரியும். பஃபரில் ஈடிடிஏ கூடுதலாக விழுந்தாலும் இதே கதிதான், மக்னீசியத்தை அது பிடித்துக்கொள்ளும். அலகுகளைத் தனியாக்க 10 முதல் 50 சதவீத சுக்ரோஸ் அடுக்கைச் சுழற்றி முடித்ததும் பிரேக் போடாமல் நிற்கவிடுங்கள், இல்லையேல் அடுக்குகள் கலங்கும். நம் ஊரில் இன்னொன்று: லோட் ஷெடிங் என்னும் திட்டமிட்ட மின்வெட்டு அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, ஜெனரேட்டர் இணைப்பில் அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ் இருக்கிறதா என்று கேட்ட பிறகே செல்களை உடையுங்கள். உடைத்த சாற்றை ஐஸில் காக்கவைத்தால் ஆர்.என்.ஏ. சிதைக்கும் நொதிகள் காத்திருக்காது.