திங்கட்கிழமை நண்பகல் வரை

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், கவுண்டி எனப்படும் மாவட்டம் போன்ற ஒவ்வொரு பிரிவிலும் தேர்தலை நடத்துபவருக்குக் கவுண்டி ஆடிட்டர் என்று பெயர். கணக்குத் தணிக்கையோடு மட்டுமே அந்தச் சொல்லைச் சேர்த்துப் பழகிய எனக்கு, 2020 இலையுதிர் காலத்தில் அந்த அலுவலகத்தில் தற்காலிகப் பணிக்குச் சேர்ந்தபோது முதலில் வியப்பாக இருந்தது இதுதான். பணி எளிமையானது. தபாலில் திரும்பி வரும் வாக்குச்சீட்டு உறைகளைப் பிரித்து, உறுதிமொழியில் வாக்காளர் கையொப்பமிட்டிருக்கிறாரா என்று பார்த்து, சரியானவற்றை ஒரு தட்டிலும் குறையுள்ளவற்றை இன்னொரு தட்டிலும் வைக்க வேண்டும். தனியாக எவரும் எதையும் முடிவு செய்ய இயலாது; ஒவ்வொரு மேசையிலும் இரண்டு கட்சிகளிலிருந்தும் ஒருவர் இருந்தாக வேண்டும். நான் ஜனநாயகக் கட்சியில் பதிந்தவன். எனக்கு எதிரே குடியரசுக் கட்சியில் பதிந்த, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர் அமர்ந்திருந்தார். கொரோனா காலமாதலால் எங்களுக்கு நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு இருந்தது. உறைகளை அதன் அடியிலுள்ள இடைவெளி வழியாகத் தள்ளுவோம்.

எங்கள் கவுண்டி, மாநிலத்தின் தென்கிழக்கிலுள்ள 24 கவுண்டிகள் அடங்கிய இரண்டாவது நாடாளுமன்றத் தொகுதியில் இருந்தது. மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள டேவன்போர்ட், பல்கலைக்கழக நகரமான அயோவா சிட்டி, இறைச்சித் தொழிற்சாலை உள்ள ஒட்டம்வா, இவற்றுக்கு இடையே கண்ணுக்கெட்டிய வரை சோளக்காடு. 2007 முதல் உறுப்பினராக இருந்த டேவ் லோப்சாக் ஓய்வு பெற்றதால் அந்த இடம் காலியானது. ஜனநாயகக் கட்சிக்கு ரீட்டா ஹார்ட். ஆசிரியையாக இருந்தவர், விவசாயி, முன்னாள் மாநில செனட்டர். குடியரசுக் கட்சிக்கு மேரியனெட் மில்லர்-மீக்ஸ். கண் மருத்துவர், இதே தொகுதியில் 2008, 2010, 2014 என மூன்று முறை நின்று தோற்றவர். எங்கள் மேசையில் இந்த இரு பெயர்களையும் உச்சரிப்பதற்குத் தடை ஏதும் இல்லை. ஆனாலும் நாங்கள் இருவரும் உச்சரித்ததில்லை. பேசியதெல்லாம் வானிலையும் அவருடைய மூட்டு வலியும்தான்.

அப்போதைய சட்டப்படி, தேர்தலுக்கு முந்தைய நாளுக்குள் அஞ்சல் முத்திரை பெற்ற உறை, அடுத்த திங்கட்கிழமை நண்பகலுக்குள் வந்து சேர்ந்தால் போதும். அந்த ஆண்டு தேர்தல் நவம்பர் 3. கடைசித் திங்கள் நவம்பர் 9. அன்று காலைத் தபாலில் வந்த சில உறைகளில் ஒன்றை நான் இன்னும் மறக்கவில்லை. முத்திரைத் தேதி சரியாக இருந்தது. வெளியுறையைப் பிரித்தால், உள்ளே உறுதிமொழி உறையில் கையொப்பக் கோடு வெறுமையாக இருந்தது. அதன் பின்புறத்தில், மடிப்பு ஒட்டப்பட்ட இடத்துக்குக் கீழே, நடுங்கும் கையெழுத்தில், நீல மையில், 'இத்தனை பேர் இதற்காக உழைப்பதற்கு நன்றி' என்று ஒரு வரி எழுதியிருந்தது. கையொப்பம் விடுபட்டால் வாக்காளருக்குத் தெரிவித்து, வந்து சரிசெய்யச் சொல்வதுதான் வழக்கம். இந்த உறை வந்து சேர்ந்த நேரத்தில் அதற்கு அவகாசம் இல்லை. எதிரே இருந்தவர் உறையை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். "எழுதத் தெரிந்த மனிதர், எழுத வேண்டிய இடத்தை விட்டுவிட்டாரே" என்றார். நான் தலையசைத்தேன். ஒரு நிமிடத்துக்குள் அது குறையுள்ள தட்டுக்குப் போயிற்று. இருவருக்கும் அதில் கருத்து வேறுபாடே இல்லை.

தொகுதி முழுவதும் கணக்குகள் எவ்வளவு நெருங்கிக் கிடந்தன என்பது அந்த வாரத்தில்தான் தெரியத் தொடங்கியது. ஒரு கவுண்டியில் எண்ணைத் தவறாகப் பதிந்துவிட்டார்கள். இன்னொன்றில், ஒரு வாக்குச்சாவடிக்கு உண்மையான முடிவுக்குப் பதிலாக இயந்திரச் சோதனையின்போது எடுத்த எண்கள் போய்ச் சேர்ந்திருந்தன. ஒவ்வொரு திருத்தத்துக்கும் முன்னணியில் இருப்பவர் மாறினார். கவுண்டிகள் முடிவுகளைச் சரிபார்த்து முடித்தபோது மில்லர்-மீக்ஸ் 47 வாக்குகள் முன்னிலையில் இருந்தார். 24 கவுண்டிகளிலும் மறு எண்ணிக்கை கோரப்பட்டது.

மறு எண்ணிக்கைக் குழுவில் மூவர்: வேட்பாளர்கள் ஆளுக்கொருவரைத் தருவார்கள், மூன்றாமவரை இரு தரப்பும் சேர்ந்து முடிவு செய்யும். எனக்கு அங்கே தாள் கட்டுகளை எடுத்து வைக்கும் வேலை மட்டுமே. இயந்திரம் முட்டை வடிவக் கட்டத்தில் நிரப்பப்பட்ட கறுப்பை மட்டும் பார்க்கிறது. மனிதர்கள் கட்டத்தைச் சுற்றி வட்டம் போடுகிறார்கள், பெயரின் மேல் பெருக்கல் குறி போடுகிறார்கள், ஒருவருக்கு நிரப்பிவிட்டு அதை அடித்து மற்றொருவருக்கு நிரப்புகிறார்கள். அப்படிப்பட்ட தாளைக் கையில் எடுத்து நோக்கம் என்ன என்று கேட்பது நியாயம்தான். ஆனால் ஒரு கவுண்டி முழுவதையும் கையால் எண்ணி, மற்றொன்று இயந்திரத்தாலேயே எண்ணி, வேறொன்று இரண்டையும் கலந்து செய்யும்போது, ஒரே தொகுதியில் ஒரே வகைக் குறிக்கு வேறு வேறு கதி நேரிடுகிறது. அதை இரு தரப்பினரும் அறிந்திருந்தார்கள். யாருக்கு எந்த முறை சாதகமோ அந்த முறையே நேர்மையானது என்று வாதிட்டார்கள். அந்த மண்டபத்தில் நின்றபோது எனக்கு உறைத்தது இதுதான்: நவம்பர் 9 காலையில் நாங்கள் இருவரும் எடுத்த முடிவு எளிதாக இருந்ததற்குக் காரணம் எங்கள் நேர்மை அல்ல. வித்தியாசம் எவ்வளவு என்று எங்களுக்கு அப்போது தெரியாது. 47 என்ற எண் தெரிந்த பிறகு, ஒரு தாளை யாராலும் வெறும் தாளாகப் பார்க்க முடியவில்லை. நானும் விதிவிலக்கல்ல, கட்டுகளை எடுத்து வைக்கும்போதே எந்தப் பகுதியிலிருந்து வந்தவை என்று என் கண் ஓரம் தேடியது.

நவம்பர் 30 அன்று மாநிலம் சான்றளித்த முடிவு: மில்லர்-மீக்ஸ் 1,96,964, ஹார்ட் 1,96,958. ஆறு வாக்குகள். தவறாக நிராகரிக்கப்பட்டவை எனத் தம்மிடம் 22 வாக்குகள் உள்ளன என்று கூறிய ஹார்ட், மாநில நீதிபதிகளின் சிறப்பு நீதிமன்றத்துக்கு மிஞ்சியிருந்த நாட்கள் போதாது என்று சொல்லி, தன் உறுப்பினர்களின் தேர்தலைத் தானே தீர்மானிக்கும் அதிகாரம் கொண்ட பிரதிநிதிகள் அவைக்கு நேரடியாகப் போனார். என் கட்சிதான் அங்கே பெரும்பான்மை. அந்த 22 பேரில் சிலருக்கு நியாயம் இருந்திருக்கலாம். இருந்தும், ஒரு மாநிலம் முடித்த கணக்கை அரசியல்வாதிகள் கூடி மாற்றுவதை நினைத்தால் எனக்குச் சங்கடமாக இருந்தது. 2021 மார்ச் 31 அன்று அவர் முறையீட்டைத் திரும்பப் பெற்றார். எனக்கு ஏற்பட்டது வருத்தமா நிம்மதியா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

எதிர் மேசைக்காரரை அந்த டிசம்பரில் மளிகைக் கடையில் பார்த்தேன். முகக்கவசத்தோடும் அடையாளம் கண்டுகொண்டார். "நன்றி எழுதியவர் எந்தக் கட்சியாக இருந்திருப்பார்?" என்று கேட்டார். அவரும் அதை நினைத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். உங்கள் கட்சியாக இருக்கும் என்றேன். இல்லை, உங்கள் கட்சி என்றார். இருவரும் மரியாதைக்காகச் சொன்னோமா, குற்ற உணர்வினால் சொன்னோமா, தெரியாது.

2021இல் மாநிலம் சட்டத்தை மாற்றியது. வாக்குப்பதிவு இரவு ஒன்பதுக்குப் பதிலாக எட்டு மணிக்கே முடிகிறது; அந்த நேரத்துக்குள் வந்து சேராத தபால் வாக்கு, எந்தத் தேதி முத்திரை இருந்தாலும், கணக்கில் சேராது. 2022இல் நான் மீண்டும் பணிக்குப் போனேன். தேர்தல் முடிந்த மறுநாள் தபால்காரர் கொண்டுவந்த உறைகளை வாங்கி, வந்த தேதியை மட்டும் குத்தி ஒரு பெட்டியில் அடுக்கினோம். கையொப்பம் இருக்கிறதா என்று வெளியுறையைப் பிரித்துப் பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை.