கொம்பும் காலும்

ஜூன் 11
மகனுக்கு ஏன் படிக்க வரவில்லை என்று சோதித்தார்கள். ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.

ஜூன் 12
‘தேள்’ என்று எழுதிக் கொடுத்தேன். இரட்டைக் கொம்பில் விரலை வைத்தவன் அங்கேயே நின்றுவிட்டான். “கொம்பு முன்னாடி நிக்குதும்மா. சத்தம் மட்டும் ஏன் பின்னாடி வருது?”

இத்தனை வருஷத்தில் எனக்கு இது தோன்றியதே இல்லை. வாயில் த் முதலில், ஏ அடுத்தது. கண்ணுக்கோ கொம்புதான் முதலில் படுகிறது. ‘பொ’, ‘கோ’ எல்லாம் இன்னும் மோசம். முன்னால் கொம்பு, பின்னால் கால், நடுவில் எழுத்து. இதைத்தான் ‘கவனம் இல்லை’ என்று நோட்டில் சிவப்பு மையில் எழுதி அனுப்பினார்கள். இதற்குத்தான் போன மாதம் நானும் அடித்தேன்.

ஜூன் 13
தூங்கவில்லை.

ஜூன் 16
சிறப்பாசிரியரிடம் முதல் நாள். புத்தகத்தைத் திறக்கவே இல்லை. தட்டில் ரவையைப் பரப்பி ‘ம’ மட்டும். விரல் எழுதும்போதே வாய் சத்தத்தைச் சொல்ல வேண்டும். 1930களில் ஆர்ட்டன் என்ற மருத்துவரும் கில்லிங்ஹாம் என்ற ஆசிரியரும் ஆங்கிலத்துக்கென்று வகுத்த வழியாம். “247 எழுத்து என்று மலைக்காதீர்கள். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம். மற்றதெல்லாம் சேர்க்கைதான்” என்றார். அந்தச் சேர்க்கையில்தானே கொம்பு வருகிறது? கேட்க வாய் வரவில்லை.

ஜூன் 19
ம, ப, ட. அப்புறம் கால், புள்ளி. அவ்வளவுதான். படம், பாடம், மாடம், பட்டம். சொல்லிக்கொடுக்காத குறி உள்ள சொல்லைப் படிக்கச் சொல்லவே கூடாதாம். படத்தைப் பார்த்து ஊகிக்கவும் விடக் கூடாதாம். நான் இதுவரை ஊகிக்கத்தான் பழக்கியிருக்கிறேன்.

‘பட்டம்’ தானாகவே படித்தான். மூன்று தடவை படித்தான்.

ஜூன் 20
அம்மா போனில், “உன் மாமாவும் அப்படித்தான், தானா சரியாயிடும்” என்றாள். மாமா இன்றைக்கும் பஸ் பலகையைப் பக்கத்தில் நிற்பவரிடம்தான் கேட்கிறார்.

ஜூன் 24
ரிப்போர்ட் வந்துவிட்டது. டிஸ்லெக்சியா. எழுத்தைப் படிப்பதில் வரும் கற்றல் குறைபாடு. அறிவுத்திறனில் ஒரு குறையும் இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இதுவும் சேர்ந்திருக்கிறது, பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம் என்றார்கள். அவனுக்கு எட்டு வயசு. எனக்கு இப்போது வேண்டியது ‘தேள்’.

ஜூன் 27
இன்று கொம்பு! அட்டையில் ‘ப’. அதற்குப் பின்னால் இரட்டைக் கொம்பு அட்டை. ப், ஏ, பே. சத்தம் வந்த பிறகு, கொம்பு அட்டையை அவனே தள்ளி ‘ப’வுக்கு முன்னால் வைக்க வேண்டும். பத்துத் தடவையாவது தள்ளியிருப்பான். ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்த்தான்.

ஜூன் 28
காய்ச்சல். வகுப்பு இல்லை. போர்வை மேல் விரலால் ஏதோ எழுதுகிறான்.