அடைப்பு ஒன்று, வைத்தியர் ஐந்து பேர்

சிங்க்கில் தண்ணீர் இறங்காமல் நின்றுவிட்டால் போதும், வீட்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் அந்த நிமிடமே பிளம்பிங் தெரிந்துவிடும். கொதிக்கிற தண்ணியை ஊத்து என்பார் ஒருவர். ஆசிட் இருந்தா கொஞ்சம் விடலாமே என்பார் இன்னொருவர். பையன் மொபைலில் வீடியோ பார்த்துவிட்டுச் சமையல் சோடாவும் வினிகரும் கேட்பான். பாட்டி பங்குக்கு ஒரு தென்னங்குச்சி வரும். வீட்டுத் தலைவர் ஏற்கெனவே ஸ்பானரோடு சிங்க்குக்கு அடியில் மண்டியிட்டிருப்பார். அது எந்த நட்டுக்கு என்பதில் மட்டும் இன்னும் தெளிவு வந்திருக்காது.

இந்த ஐந்து பேரும் கேட்காத ஒரு கேள்வியைத்தான் பிளம்பர் போனை எடுத்ததும் கேட்பார்: "வேற எங்கயாவது தண்ணி நிக்குதா?"

பாதி வேலை அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடும். சிங்க்கில் மட்டும் நின்றால், அடைப்பு சிங்க்குக்கு அடியிலுள்ள ட்ராப்பிலோ (எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும் குழாய்ப் பகுதி), அங்கிருந்து சுவருக்குள் போகும் குழாயிலோ இருக்கிறது. சிங்க்கோடு சேர்ந்து வாஷ்பேசினும் மந்தமாக இறங்கினால், இரண்டும் போய்ச் சேரும் பொதுக் குழாயைச் சந்தேகப்பட வேண்டும். டாய்லெட்டில் ஃப்ளஷ் செய்யும்போது குளியலறைத் தரை ஜாலியில் குமிழி வந்தாலோ, வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியே தள்ளும்போது டாய்லெட்டில் மட்டம் ஏறினாலோ, கோளாறு வீட்டுக் கழிவுநீர் மொத்தமும் வெளியே போகும் மெயின் லைனில். அப்போது கழிவுநீர் முதலில் எட்டிப் பார்ப்பது வீட்டிலேயே தாழ்வான வாய் வழியாகத்தான். மாடியில் ஒருவர் பாட்டுப் பாடிக்கொண்டு ஷவரில் நிற்பார்; அவர் குளித்த தண்ணீர் கீழ்த்தளத்துக் குளியலறையில் கணுக்கால் அளவுக்கு வந்து உட்கார்ந்திருக்கும். இந்த நிலையில் சிங்க்கில் என்ன வைத்தியம் செய்தாலும் வீண். செய்ய வேண்டியது ஒன்றுதான்: வீடு முழுக்கத் தண்ணீர் திறப்பதை நிறுத்திவிட்டு, வெளியிலுள்ள சேம்பர் (கழிவுநீர்க் குழாயைப் பார்க்கக் கட்டிய தொட்டி) மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். சேம்பர் நிரம்பி நின்றால் அடைப்பு அதற்கு அப்பால். காய்ந்து கிடந்தால் வீட்டுக்கும் சேம்பருக்கும் நடுவில்.

சரி, சிங்க் மட்டும்தான் என்று வைத்துக்கொள்வோம். ஐவர் வைத்தியத்தில் முக்கியமானவற்றைப் பார்ப்போம்.

கொதிக்கிற தண்ணீர் எண்ணெய்ப் பிசுக்கை உருக்கும், உண்மைதான். உருகியது எங்கே போகும்? இரண்டு மூன்று மீட்டர் தள்ளிக் குழாய் குளிர்ந்திருக்கும் இடத்தில் மறுபடி உறையும். கைக்கு எட்டிய அடைப்பைக் கைக்கு எட்டாத இடத்துக்குக் குடிமாற்றியதுதான் மிச்சம். அதோடு பிவிசி குழாய்கள் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே பலமிழக்கத் தொடங்கும். 100 டிகிரியில் கொதித்ததை அப்படியே ஊற்றினால் மூட்டுகள் நெகிழும், ட்ராப் கோணலாகும். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீரும், நாலு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் போதும். அதுவும் தண்ணீர் மெதுவாகவாவது இறங்கினால்தான்.

சோடாவும் வினிகரும் பார்க்க ஜோராக இருக்கும். நுரை பொங்கும், பையன் கைதட்டுவான். பொங்கியது கார்பன் டை ஆக்சைடு. மேலே திறந்த வாய் இருக்கும்போது அது அடைப்பை முட்டித் தள்ளாது, மேலேயே வந்துவிடும். மிஞ்சுவது கொஞ்சம் உப்புக் கரைசல். ஒன்றையொன்று சமன் செய்துகொண்ட அந்த இரண்டு பொருளும் கூட்டணி முடிந்த கட்சிகள் மாதிரி, வேறு யாரையும் ஒன்றும் செய்யாது.

அடைப்பு நீக்கக் கடையில் விற்கும் காஸ்டிக் சோடா அப்படியில்லை, நிஜமாகவே வேலை செய்யும். கொழுப்பைச் சோப்பாக்கும், முடியைக் கரைக்கும். சிக்கல் என்னவென்றால், நின்ற தண்ணீருக்குள் அளவில்லாமல் கொட்டினால் கட்டிதட்டிக் குழாய்க்குள்ளேயே கல்லாக இறுகும், கடும் சூட்டையும் கிளப்பும். அலுமினியம் பட்டால் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவையும் விடும். இதெல்லாம்கூடப் போகட்டும். முதலில் ஒன்று ஊற்றி, அசையவில்லை என்று அதன் மேலேயே இன்னொன்று ஊற்றுகிறார்களே, அதுதான் ஆபத்து. ப்ளீச்சோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். டாய்லெட் கிளீனர் பலவற்றில் அமிலம்தான் இருக்கிறது. ஆகவே ஒன்றை ஊற்றிவிட்டீர்கள் என்றால் அதோடு நிறுத்துங்கள். பிளம்பர் வந்ததும் என்ன ஊற்றினீர்கள் என்பதை வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். "ஒண்ணும் ஊத்தலீங்க" என்ற வார்த்தையை நம்பி ட்ராப்பைக் கழற்றி, முகத்தில் தெறிக்க வாங்கியவர்கள் அந்தத் தொழிலில் நிறைய.

இப்போது வேலைக்கு ஆகும் வழி. ரசாயனம் எதுவும் ஊற்றாத சிங்க்குக்கு மட்டும் இது. முதலில் பிளஞ்சர், அதாவது கம்பு முனையில் ரப்பர்க் கிண்ணம் வைத்த கருவி. ரப்பர்க் கிண்ணம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். காற்றை அமுக்கினால் அது சுருங்கும், தண்ணீர் சுருங்காது, அதனால் தள்ளும் விசை அடைப்புக்குப் போய்ச் சேரும். சிங்க்கின் மேல்பக்கத்தில் வழிநீருக்கான ஓவர்ஃப்ளோ துளை இருந்தால் ஈரத்துணியால் இறுக்கி அடைக்க வேண்டும், இரட்டைத் தொட்டி சிங்க் என்றால் அடுத்த தொட்டியின் வாயையும். இதைச் செய்யாதவர் இந்தத் தொட்டியில் அமுக்க, அந்தத் தொட்டியில் ஊற்று கிளம்பும். எதிரே நிற்பவர் சட்டை அதற்குச் சாட்சி. கிண்ணத்தின் விளிம்பில் லேசாக வாஸலின் தடவினால் நன்றாக ஒட்டும். பதினைந்து இருபது முறை, விடாமல் மேலும் கீழும். பலர் அமுக்குவதில் காட்டும் பலத்தை இழுப்பதில் காட்டுவதில்லை. இழுப்புதான் அடைப்பை உடைக்கிறது.

அதற்கும் அசையவில்லை என்றால் ட்ராப்பைக் கழற்ற வேண்டும். பாட்டில் ட்ராப் என்றால் அடிப்பகுதியை மட்டும் திருகி எடுக்கலாம். வளைந்த ட்ராப் என்றால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு நட்டு. பிளாஸ்டிக் நட்டுக்குக் கையே போதும். இறுகியிருந்தால் ரப்பர் கையுறை போட்டுத் திருகுங்கள். கழற்றுவதற்கு முன்னால் மொபைலில் ஒரு படம், அடியில் ஒரு பக்கெட். வாஷர்கள் எந்த வரிசையில், எந்தப் பக்கம் பார்த்து வந்தன என்பதைக் கழற்றும்போதே தரையில் அதே வரிசையில் அடுக்கி வையுங்கள். கூம்பு வாஷரின் ஒடுங்கிய பக்கம் மூட்டுக்குள் போக வேண்டும். திருப்பிப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும்.

உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுத்ததும் வெற்றிக் களிப்பு வரும். கூடவே, பக்கெட்டில் நிறைந்த கறுப்புத் தண்ணீரை எங்கே கொட்டுவது என்ற கேள்வியும் வரும். எதிரே சிங்க். கை பழக்கத்தில் தூக்கி ஊற்றும். ட்ராப் இல்லாத சிங்க்கில் ஊற்றிய தண்ணீர் நேராகக் கீழே மண்டியிட்டிருப்பவர் மடியில். இந்தக் காட்சி நடக்காத வீடு இருந்தால் அங்கே ட்ராப்பை இன்னும் கழற்றவில்லை என்று அர்த்தம். பக்கெட்டை வேறு இடத்துக்குக் கொண்டுபோங்கள். சிங்க் குழாய்க் கைப்பிடியில் ஒரு துணியைக் கட்டிவைத்தால் நடுவில் யாரும் வந்து கை கழுவ மாட்டார்கள்.

ட்ராப் சுத்தமாக இருந்தும் தண்ணீர் இறங்கவில்லை என்றால் அடைப்பு சுவருக்குள். அங்கே ஸ்பிரிங் கம்பிதான். வலப்பக்கமாகச் சுழற்றிக்கொண்டே மெதுவாக உள்ளே விட வேண்டும். வளைவில் முட்டினால் சுழற்றச் சுழற்ற வழுக்கி உள்ளே போகும். அடைப்பில் முட்டினால் மெத்தென்று திருப்பித் தள்ளும். கை பழகப் பழகத்தான் இந்த வித்தியாசம் பிடிபடும். வேகமாக அழுத்தினால் கம்பி உள்ளேயே முறுக்கிக்கொள்ளும். அப்புறம் பிளம்பர் எடுக்க வேண்டிய பொருள்கள் இரண்டு.

குளியலறை ஜாலி அடைப்பு இதைவிடச் சுலபம். அங்கே குற்றவாளி பெரும்பாலும் முடியும் சோப்பும்தான். ஜாலியைத் தூக்கிவிட்டு, முள் வைத்த பிளாஸ்டிக் பட்டையை விட்டு இழுத்தால் வந்துவிடும். வருவதைப் பார்க்க மனதிடம் வேண்டும். அடைப்பே இல்லாமல் நாற்றம் மட்டும் வருகிறதா? நாள்கணக்கில் புழங்காத ஜாலிக்குள் ட்ராப் தண்ணீர் வற்றியிருக்கும். சாக்கடைக் காற்றை மறிப்பது அங்கே நிற்கும் சுமார் 50 மில்லிமீட்டர் தண்ணீர்தான். அரை பக்கெட் தண்ணீர் ஊற்றுங்கள். ஊருக்குப் போவதாக இருந்தால் மேலே ஒரு கரண்டி எண்ணெய் விட்டுவிட்டுப் போனால் சீக்கிரம் வற்றாது. பினாயில் பாட்டில் பாட்டிலாக ஊற்றும் வீடுகளில் பாதிக்கு இதுதான் நோய்.

டாய்லெட்டுக்கு வருவோம். தண்ணீர் விளிம்புவரை ஏறி, இறங்காமல் முறைத்துக்கொண்டு நிற்கிறது. அந்த நேரத்தில் மனித குலம் முழுவதும் செய்யும் காரியம் இன்னொரு முறை ஃப்ளஷை அமுக்குவது. ஆறு லிட்டர் எங்கே போகும் என்று அந்தக் கை யோசிப்பதில்லை. தொடாதீர்கள். டேங்க் பக்கத்திலுள்ள ஆங்கிள் வால்வை மூடுங்கள். ஏற்கெனவே அமுக்கியாகிவிட்டது, மட்டம் ஏறுகிறது என்றால் டேங்க் மூடியைத் திறந்து அடியிலுள்ள ரப்பர் மூடியைக் கையால் அழுத்தி அடையுங்கள்; டேங்க் தண்ணீர் சுத்தமானதுதான், அருவருக்க வேண்டாம். கால் மணி நேரம் விட்டால் மட்டம் கொஞ்சம் இறங்கும். பிறகு, கீழே கூடுதல் ரப்பர் உதடு வைத்த டாய்லெட் பிளஞ்சரைப் போடுங்கள். சிங்க்குக்கு வாங்கிய தட்டையான கிண்ணம் இங்கே சரியாகப் பொருந்தாது. பொருந்தினாலும் அதைத் திரும்பச் சிங்க்குக்குக் கொண்டுபோகாதீர்கள் என்பதைச் சொல்லியா தெரிய வேண்டும்? உள்ளே விழுந்தது சீப்போ பொம்மையோ என்றால் பிளஞ்சர் கூடவே கூடாது, அது இன்னும் ஆழத்துக்குத் தள்ளிவிடும். அப்படி இறுகிவிட்டால் பீங்கானையே கழற்றி எடுக்க வேண்டியதாகும். ஈரத் துடைப்புத் தாள்கள் பற்றி ஒரு வரி: உறையில் என்ன எழுதியிருந்தாலும் அவை டிஷ்யூ மாதிரி தண்ணீரில் கரைவதில்லை.

சத்தமில்லாமல் நடக்கும் திருட்டும் ஒன்று உண்டு. ஃப்ளஷ் டேங்க்கிலிருந்து ரப்பர் மூடி வழியாகத் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. டேங்க்கில் கொஞ்சம் உணவு நிறத்தைக் கலந்துவிட்டு, அரை மணி நேரம் யாரையும் உள்ளே விடாதீர்கள் (கடினமான பகுதி இதுதான்). பீங்கானில் நிறம் தெரிந்தால் ரப்பரை மாற்ற வேண்டும். டேங்க்கில் தண்ணீர் மட்டம் ஓவர்ஃப்ளோ குழாயின் வாயைவிட ஓர் அங்குலம் தாழ்ந்து நிற்க வேண்டும். வாய்க்குள் வழிந்துகொண்டிருந்தால் குறை ரப்பரில் இல்லை, மிதவையில்.

சொட்டுகிற குழாய்க்கு நம்மவர்கள் செய்யும் வைத்தியம், இன்னும் இறுக்குவது. பழைய திருகுக் குழாயில் உள்ளே இருப்பது ஒரு சின்ன ரப்பர் வாஷர். தேய்ந்துபோன வாஷரை இறுக்க இறுக்க அது வெட்டுப்படும், கடைசியில் அது உட்காரும் பித்தளைத் தளமும் கீறல் விழும். வாஷரோடு போக வேண்டியது குழாயோடு போகும். வாய் வழியாகச் சொட்டினால் வாஷர், கைப்பிடி அடியில் கசிந்தால் மேலே உள்ள ஓ-ரிங் அல்லது பேக்கிங். கால் சுற்றில் திறக்கும் புதுக் குழாய்களில் வாஷரே கிடையாது, பீங்கான் தட்டுகள் வைத்த செராமிக் கார்ட்ரிட்ஜ்தான். அதை முழுசாகத்தான் மாற்ற வேண்டும். பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள், கைப்பிடி மாட்டும் தண்டின் பல் எண்ணிக்கை மாறினால் கைப்பிடி உட்காராது. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20 லிட்டர், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

குழாய் மரையில் ஒழுகாமல் இருக்கச் சுற்றும் டெஃப்லான் டேப்பிலும் ஒரு நாடகம் உண்டு. மரையின் முனை நம்மைப் பார்த்திருக்க, கடிகார முள் சுற்றும் பக்கமாக ஆறேழு சுற்று, இழுத்துப் பிடித்து. எதிர்ப்பக்கம் சுற்றினால் இறுக்கும்போது சுருண்டு வெளியே வரும். ரப்பர் வாஷர் வைத்த ஹோஸ் பைப் நட்டுக்கு டேப் தேவையே இல்லை, அங்கே தண்ணீரை அடைப்பது வாஷர். டேப் மேல் டேப்பாகச் சுற்றிப் பொன்னாடை போர்த்தியும் ஒழுகுகிறது என்று புலம்புபவர்கள், அந்த வாஷர் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

பிளம்பரைக் கூப்பிட வேண்டிய நேரம் எப்போது என்றால்: ஒரே அடைப்பு திரும்பத் திரும்ப வருகிறது, ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் தண்ணீர் நிற்கிறது, சுவரிலோ கூரையிலோ ஈரம் பரவுகிறது. போனிலேயே மூன்று விஷயம் சொல்லுங்கள்: எங்கெங்கே நிற்கிறது, எப்போதிலிருந்து, என்ன ஊற்றினீர்கள். வந்து பார்ப்பதற்குத் தனிக் கட்டணமா, வேலையில் கழிப்பார்களா, மறுபடி அடைத்தால் எத்தனை நாளுக்குள் இலவசமாக வருவார்கள் என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். ஒரே அடைப்பு திரும்பத் திரும்ப வந்தால், கம்பி விட்டுத் துளை போட்டுவிட்டுப் போவது போதாது. கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மரவேரோ, உடைந்த மூட்டோ, சரிவில்லாமல் தொங்கிப்போன குழாயோ இருந்தால் அதில்தான் தெரியும். எண்ணெய் படிந்த லைனுக்கு உயரழுத்த நீர் அடிப்பது நல்லது. ஆனால் அரித்துப்போன பழைய இரும்புக் குழாய் அதைத் தாங்காமல் போகலாம், அடிப்பதற்கு முன் குழாயின் நிலையைப் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்காமலே "சுவத்த உடைக்கணும்" என்று தொடங்குபவரிடம், "எந்த இடம்னு எப்படி முடிவு பண்ணீங்க?" என்று கேட்பதில் தப்பில்லை.

வேலை முடிந்ததும் பிளம்பர் குழாயைக் கொஞ்சம் திறந்து காட்டிவிட்டு, "பாருங்க, போகுது" என்பார். அது சோதனை இல்லை. சிங்க்கை வாய் நிறைய நிரப்பி ஒரே மூச்சில் திறந்துவிடச் சொல்லுங்கள். சுழன்று சத்தத்தோடு இறங்க வேண்டும். அதே சமயம் ஒவ்வொரு மூட்டையும் காய்ந்த டிஷ்யூவால் துடைத்துப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத கசிவு தாளில் தெரியும். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

அவர் பையை மூடுவதற்குள் வீட்டின் மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று கேட்டு, உங்கள் கையால் ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள். வருஷக்கணக்கில் தொடாத கேட் வால்வு (பல சுற்றுச் சுற்றி மூடும் வகை) திரும்பாது. பலத்தைக் காட்டினால் கைப்பிடி மட்டும் கையோடு வரும். அப்படி இருந்தால் அன்றைக்கே மாற்றச் சொல்லிவிடுங்கள். புதிதாகப் போட்டதை முழுசாகத் திறந்து, கால் சுற்றுப் பின்னால் வைத்து, சில மாதத்துக்கு ஒருமுறை அசைத்துக் கொடுங்கள். எந்தப் பக்கம் மூடினால் தண்ணீர் நிற்கும் என்று வீட்டில் ஐந்து பேருக்கும் காட்டிவிடுங்கள், பாட்டி உட்பட.